ஒக்தாவின் பெட்டியில் இரண்டாவது கூம்பு

க்ளூஜ், 4 மார்ச் 1996

திரு. ரெமுஸ் அவர்களுக்கு,

இதைப் படிக்காமலே அடுப்பில் போடத் தோன்றினால், முதல் பத்தியையாவது படித்துவிட்டுப் போடுங்கள். ஒக்தாவ் ஜனவரி இருபதாம் தேதி இறந்துவிட்டார். மாரடைப்பு. நாற்பதாம் நாள் பூசையை முந்தாநாள், சனிக்கிழமை வைத்தேன். தாம்பாளம் நிறைய கோதுமையும் வாதுமைக்கொட்டையும் சர்க்கரையும் போட்டுக் கிளறி வைத்திருந்தேன். வந்தது பாதிரியார், என் அக்கா, கீழ்வீட்டில் டிவி ரிப்பேர் செய்யும் லாசர், இவ்வளவு பேர்தான். மிச்சத்தை நான்தான் மூன்று வேளையும் தின்றுகொண்டிருக்கிறேன்.

ஏன் யாரும் வரவில்லை என்று உங்களுக்குத் தெரியும். எண்பத்திரண்டில் உங்களை வேலையிலிருந்து தூக்கித் துல்ச்சாவுக்கு அனுப்பியபோது, போகிற போக்கில் ரேடியோ நிலையத்தில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டுப் போனீர்கள், ஒக்தாவ் வீட்டு ஸ்பீக்கர் பெட்டிக்குக் காது உண்டு என்று. அன்றிலிருந்து பதினான்கு வருடம் எங்கள் வீட்டு மணியை அடித்தது கேஸ்காரன் மட்டும்தான். ஒக்தாவ் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. 'மறுத்தா மட்டும் நம்பிடப்போறானா' என்றார். அத்தோடு விட்டுவிட்டார். எனக்குத்தான் விட முடியவில்லை.

சமாதானம் பேச எழுதவில்லை. தொழில் விஷயமாக ஒரு கேள்வி. போன வாரம் லாசர் அந்தப் பெட்டியின் முன்துணியைக் கழற்றிப் பார்த்தான். ஒரே அளவில் இரண்டு ஸ்பீக்கர் கூம்பு, ஒன்றின் கீழ் ஒன்று. பாட்டுப் போட்டால் மேலே உள்ளதுதான் பாடுகிறது. 'டீச்சர், இதுல ஒண்ணுக்குத்தான் உயிர் இருக்கு. இன்னொண்ணு எதுக்குன்னு உங்க வீட்டுக்காரரத்தான் கேக்கணும்' என்றான். ஆயிரம் பெட்டி பிரித்தவன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லையாம்.

நீங்கள் இருபது வருடம் இந்தச் சாமான்களோடு கிடந்தவர். இது என்ன பெட்டி என்று சொல்லுங்கள். காதுதான் என்றால் அதையும் சொல்லுங்கள். முப்பத்தைந்து வருடம் யாரோடு வாழ்ந்தேன் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

வெத்தூரியா


துல்ச்சா, 15 மார்ச் 1996

திருமதி வெத்தூரியா அவர்களுக்கு,

அனுதாபங்கள். இறந்தவனைப் பற்றி அதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை, எழுதினால் பொய்யாகிவிடும்.

உங்கள் உறையின் வாய் இரண்டு முறை ஒட்டப்பட்டிருக்கிறது. இரண்டும் வேறு வேறு பசை. இந்தக் காலத்திலும் தபாலைப் பிரிக்கிறார்களா, அல்லது உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது சொல்லச் சொல்ல எழுதினீர்களா? ரகசியப் போலீஸின் பழைய கோப்புகளை எல்லாம் திறக்கப்போகிறார்கள் என்று பேப்பரில் வருகிறது. அதற்கு முன்னால் என்னிடமிருந்து ஒரு நற்சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால் நல்லது என்று யாருக்கோ தோன்றியிருக்கலாம்.

பதில் போடாதீர்கள் என்று என் மனைவி வியோரிகா சொன்னாள். 'பழசைக் கிளறி என்ன ஆகப்போகுது, அந்தப் பொம்பளைய நிம்மதியா விடுங்க' என்றாள். அவள் சொன்னதுதான் சரி. ஆனால் பெட்டி என்றால் எனக்குக் கை அரிக்கிறது. உயரம், அகலம், ஆழம், எத்தனை திருகாணி, பின்பலகை எப்படி மூடியிருக்கிறது, இவற்றை எழுதுங்கள். நீங்களே அளந்து எழுதுங்கள், லாசர் வேண்டாம். அவன் யார் என்று எனக்குத் தெரியாது.

ரெமுஸ்


க்ளூஜ், 22 மார்ச் 1996

திரு. ரெமுஸ் அவர்களுக்கு,

உறையைப் பிரித்தது நான்தான். ஒட்டிய பிறகு, தேதியைச் சரியாகப் போட்டேனா என்று சந்தேகம் வந்தது. பிரித்துப் பார்த்தேன், போட்டிருந்தேன். வீட்டில் கோந்து தீர்ந்துபோய் மாவுப்பசையில் மறுபடி ஒட்டினேன். உங்களுக்கு எழுதும்போது மட்டும் நானும் உங்களைப் போல் ஆகிவிடுகிறேன்.

முன்பெல்லாம் அண்ணி என்பீர்கள். இப்போது திருமதி. உங்கள் கல்யாணத்தில் மெழுகுவர்த்தி பிடித்து நின்றவர்கள் நாங்கள். வியோரிகாவுக்குப் பூமுடி கட்டிவிட்டவள் நான். போகட்டும்.

உயரம் நூற்றுப்பத்து சென்டிமீட்டர், அகலம் நாற்பத்திரண்டு, ஆழம் முப்பத்தாறு. என் மாமியாரின் துணி அலமாரியை அறுத்துச் செய்தது, அதற்காக அவர் இரண்டு வருடம் எங்களோடு பேசவில்லை. பின்பலகையில் இருபத்திரண்டு திருகாணி. பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஃபெல்ட் துணி கொடுத்து, அதன்மேல் மெழுகும் பூசியிருக்கிறது. பூச்சி நுழைய இடமில்லை.

இன்னொன்று. தூசு தட்டும்போது மேல் கூம்பில் கை பட்டு அது உள்ளே அமுங்கியது. அதே நேரம் கீழ்க் கூம்பு வெளியே வந்தது. கையை எடுத்தேன், இரண்டும் பழைய இடத்துக்குப் போய்விட்டன. நான்கு தடவை செய்து பார்த்தேன். இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

வெத்தூரியா


துல்ச்சா, 2 ஏப்ரல் 1996

திருமதி வெத்தூரியா அவர்களுக்கு,

இருபத்திரண்டு திருகாணி, ஃபெல்ட், மெழுகு. பாட்டுக் கேட்கிற பெட்டிக்கு எதற்கு இந்தப் பூட்டு? ரேடியோ நிலையத்தில் எங்கள் பெட்டிகளின் பின்பக்கம் திறந்தே கிடக்கும். எதையோ யாரும் பார்த்துவிடக்கூடாது என்றுதான் இவ்வளவு இறுக்கி மூடியிருக்கிறான்.

நீங்கள் கெமிஸ்ட்ரி டீச்சர், இதைப் புரிந்துகொள்வீர்கள். எந்த ஸ்பீக்கரையும் திருப்பி இணைத்தால் மைக் ஆகிவிடும். கூம்பு அதே கூம்பு, காந்தம் அதே காந்தம். பாடுவதற்குப் பதில் கேட்கும். ஸ்டூடியோவில் அவசரத்துக்கு நாங்களே அப்படிச் செய்திருக்கிறோம். பாடாத கூம்பு ஒன்று அந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அப்போதே எனக்குத் தெரியும். என்ன என்று ஒக்தாவைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே, 'மேல இருக்கிறவன் பேசுவான், கீழ இருக்கிறவன் தலையாட்டுவான்' என்றான். நானும் அவனோடு சேர்ந்து சிரித்தேன்.

என்ன நடந்தது என்று இதுவரை உங்களிடம் நான் சொன்னதே இல்லை. கேளுங்கள். எண்பத்திரண்டு அக்டோபரில் ஒரு ஞாயிறு. நீங்கள் சமையலறையில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒக்தாவ் ஒயின் எடுக்க நிலவறைக்குப் போயிருந்தான். டெலிபோன்மேல் தலையணை வைத்தாயிற்று, ரெக்கார்டைச் சத்தமாக வைத்தாயிற்று, ஒட்டுக்கேட்பார்கள் என்று பயந்து எல்லா வீட்டிலும் செய்வதுபோல. அப்போது நான் வியோரிகாவின் காதருகில் சொன்னேன், 'வியன்னா போற ஆர்கெஸ்ட்ராவுல சவுண்டுக்கு என் பேரும் இருக்கு. பல் பிரஷ்ஷ மட்டும் எடுத்துக்கிட்டுப் போறேன், திரும்பி வரமாட்டேன்.' வேறு எங்கும், வேறு யாரிடமும் நான் அதைச் சொல்லவில்லை.

பதினோரு நாள் கழித்து நீலக்கண்காரர்கள், அதுதான் ரகசியப் போலீஸ், கூப்பிட்டார்கள். மிட்டாய் சப்பிக்கொண்டிருந்த ஒருவன் ஒரு காகிதத்தைப் பார்த்து அதே வாக்கியத்தை எனக்கு வாசித்துக் காட்டினான். பிரஷ் உட்பட.

அறையில் இருந்தது நான், வியோரிகா, அந்தப் பெட்டி. மூன்றில் எதுவென்று கண்டுபிடிக்கப் படித்திருக்க வேண்டியதில்லை.

தைரியம் இருந்தால் பின்பலகையைத் திறங்கள். இரண்டாவது ஜோடி வயர் ஒன்று எங்காவது போகும்.

ரெமுஸ்


க்ளூஜ், 19 ஏப்ரல் 1996

ரெமுஸ்,

ஈஸ்டர் முடியட்டும் என்று காத்திருந்தேன். உண்மையில் பயந்துகொண்டிருந்தேன். நேற்று திறந்தேன்.

இரண்டாவது வயர் இருக்கிறது.

பெட்டியின் அடிப்பலகையில் ஒரு துளை. அதன் வழியே வெள்ளை வயர் ஒன்று இறங்கி, தரையோரச் சட்டத்துக்குப் பின்னால் ஓடி, சுவருக்குள் போகிறது. மேலே சுண்ணாம்பு பூசி மறைத்திருக்கிறது. இருபது வருடமாக அந்தச் சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு நாளும் என் கண்ணில் பட்டதில்லை. அதைப் பார்த்ததும் கீழே உட்கார்ந்துவிட்டேன், வேறு எதையும் பார்க்கவில்லை. உள்ளே கம்பளிப் பஞ்சு அடைத்திருக்கிறது. கீழ்க் கூம்பு அதற்குப் பின்னால் எங்கோ இருக்கிறது. கை வைக்க அருவருப்பாக இருந்தது.

ராத்திரியெல்லாம் ஒவ்வொரு ஞாயிறாக எண்ணிப் பார்த்தேன். யார் யார் வந்தார்கள், யார் எங்கே உட்கார்ந்தார்கள். உங்களை எப்போதும் பெட்டிக்கு எதிர் நாற்காலியில்தான் உட்காரவைப்பார். 'அங்கதான் நல்லாக் கேக்கும்' என்பார். காலையில் அவர் கோட்டை அலமாரியிலிருந்து எடுத்து, படிக்கட்டுக்கு வெளியே குப்பைத்தொட்டி பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

உங்களுக்குச் சந்தோஷமா?

வெத்தூரியா


துல்ச்சா, 27 ஏப்ரல் 1996

வெத்தூரியா,

சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன். கடிதத்தை வியோரிகாவுக்கு வாசித்துக் காட்டினேன், 'பாத்தியா, நான் சொன்னேன்ல' என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். இப்போதெல்லாம் தபால்காரன் வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறாள். உங்கள் கடிதம் வந்ததா என்று நேற்று மட்டும் மூன்று முறை கேட்டாள்.

ஆனால் வேலையைப் பாதியில் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. வயர் எங்கே போகிறது என்று பாருங்கள். சுவரை உடைத்தாவது பாருங்கள். பிறகு பஞ்சை எடுத்துவிட்டுக் கீழ்க் கூம்பின் முதுகில் ஒரு தையல் ஊசியைக் காட்டுங்கள். காந்தம் இருந்தால் ஊசி கையிலிருந்து பறந்துபோய் ஒட்டும். அதை எழுதி அனுப்பினால் விஷயம் முடிந்தது.

கோட்டை உள்ளே எடுத்துவிடுங்கள். மழை பெய்யும்.

ரெமுஸ்


க்ளூஜ், 6 மே 1996

ரெமுஸ்,

ஊசி ஒட்டவில்லை.

மூன்று ஊசி மாற்றிப் பார்த்தேன். அதே ஊசி மேல் கூம்பின் பின்னால் இருக்கிற காந்தத்தில் டக்கென்று ஒட்டுகிறது. கீழ்க் கூம்பின் பின்னால் காந்தம் இல்லை. கம்பிச்சுருள் இல்லை. வயரை இணைக்க ஓர் ஆணிகூட இல்லை. அழகாக அறுத்து எடுத்திருக்கிறார். வெறும் காகிதக் கூம்பு, அதன் நடு முதுகில் கடிகாரத்தின் பித்தளைச் சக்கரம் ஒன்றைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறது. பக்கவாட்டுப் பலகையில் பென்சிலால் அவர் கையெழுத்து: 18 கிராம், 23, 27, 31. முப்பத்தொன்றுக்கு அடியில் இரண்டு கோடு, '1976 நவம்பர், இப்போது சரி' என்று. சக்கரத்தைப் பெயர்க்காமல் சரிபார்க்க முடியாது, பெயர்க்க மனம் வரவில்லை.

வயரையும் பின்தொடர்ந்தேன். லாசர்தான் சுவரை உடைத்தான், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும். அது மேல் கூம்பிலிருந்து கிளம்பி, சுவரைத் தாண்டி, சமையலறையில் பாத்திர அலமாரிக்குப் பின்னால் வருகிறது. முனையில் டேப் சுற்றியிருக்கிறது. பார்த்ததும் ஞாபகம் வந்தது. அடுப்படியில் எனக்கு ஒரு பாட்டும் கேட்பதில்லை என்று சண்டை போட்டிருந்தேன். அதற்காக ஒரு குட்டி ஸ்பீக்கர் மாட்டிக்கொடுத்தார். எழுபத்தொன்பதில் எண்ணெய்ப் புகையில் அது கெட்டுப்போனது, தூக்கிப் போட்டோம். எனக்காகப் போட்ட வயரைப் பார்த்து அவரை ஒற்றன் என்று நினைத்தேன். என்னை நான் எப்படி மன்னிப்பேன் என்று தெரியவில்லை.

கோட்டு நல்லவேளை அங்கேயே இருந்தது.

அப்படியானால் இது என்ன பெட்டி? சொல்லுங்கள். அதோடு, அன்றைக்கு அந்த அறையில் மூன்று பேர் என்று எழுதியிருந்தீர்கள். பாத்திரம் கழுவும்போது நானும் எண்ணிப் பார்த்தேன். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன். பெயர் எழுதமாட்டேன்.

வெத்தூரியா


துல்ச்சா, 20 மே 1996

வெத்தூரியா,

அது ஊமைக் கூம்பு வைத்த பெட்டி. காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்குள் மேல் கூம்பு அசையும்போது உள்ளே காற்று அமுங்கும். அந்தக் காற்று கீழ்க் கூம்பைத் தள்ளும். தடித்த, கீழ்ஸ்தாயி ஒலி அதிலிருந்து வரும். எடையைக் கூட்டிக் குறைத்து அதற்குச் சுருதி சேர்க்க வேண்டும். பென்சில் எண்கள் அதுதான். முப்பதுகளிலேயே அமெரிக்காவில் ஒருவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார் என்று ஒரு பழைய பத்திரிகையில் படித்திருக்கிறேன். நம் ஊரில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. காற்று ஒழுகினால் வேலை செய்யாது. ஃபெல்ட், மெழுகு, இருபத்திரண்டு திருகாணி, எல்லாம் அதற்குத்தான்.

மேல் கூம்பை அழுத்தினால் கீழ்க் கூம்பு வெளியே வருகிறது என்று உங்கள் இரண்டாவது கடிதத்திலேயே எழுதியிருந்தீர்கள். வேலை கற்றுக்கொள்கிற பையன்கூட அந்த ஒரு வரியில் கண்டுபிடித்திருப்பான். நான் படித்தேன், தாண்டிப் போய்விட்டேன். எனக்கு ஒரு காது வேண்டியிருந்தது.

கூம்பு இரண்டானால் ஒன்று ஒட்டுக்கேட்கிறது என்று நினைக்கிற புத்தி நம்மைப் போன்றவர்களுக்குத்தான் வரும். வேறு நாட்டுக்காரன் அதைத் தட்டிப் பார்த்துப் பாராட்டியிருப்பான்.

இந்தப் பெட்டியால் எதையும் கேட்டிருக்க முடியாது. மேல் கூம்பு அன்று முழுச் சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தது, அதனாலும் கேட்டிருக்க முடியாது. இதைக் கையெழுத்திட்டு எழுதுகிறேன். ஒக்தாவிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை, உங்களிடம் கேட்கிறேன்.

ஒரு வேண்டுகோள். வியோரிகா இருக்கும்வரை இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். அவளுக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.

ரெமுஸ்


க்ளூஜ், 27 மே 1996

ரெமுஸ்,

உங்கள் மன்னிப்பை மடித்து அதே உறையில் வைத்திருக்கிறேன். ஒருவருக்கும் காட்டக்கூடாத மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

சொல்லும்போது ஊர் முழுக்கச் சொன்னீர்கள். திருத்தும்போது என் காதில் மட்டும் சொல்கிறீர்கள். ரொட்டிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர்கள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்கள், நான் எதையோ குறித்துக்கொள்ளப்போகிறேன் என்பதுபோல. ஒக்தாவ் கடைசி வருடங்களில் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நீங்கள் உட்கார்ந்த நாற்காலியைத் துடைத்து வைப்பார். வரமாட்டான் என்று தெரியும், துடைப்பார். வியோரிகாவுக்கு இரத்த அழுத்தம். அவருக்கு என்ன இருந்தது என்று யாராவது கேட்டார்களா?

ஜூலை இருபதாம் தேதி ஆறாம் மாதப் பூசை. பழைய ரேடியோ ஆட்கள் எல்லோருக்கும் எழுதிக் கூப்பிடப்போகிறேன். ஒன்று நீங்கள் வந்து உங்கள் வாயால் சொல்லுங்கள், இல்லையென்றால் நான் உங்கள் கடிதத்தைச் சத்தமாக வாசிப்பேன். வியோரிகாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். அவள் எனக்கு மகள் மாதிரி இருந்தவள், அதனால்தான் சொல்லமாட்டேன். ஆனால் எண்ணத் தெரிந்தவர்கள் எண்ணிக்கொள்வார்கள், அதை நான் தடுக்க முடியாது.

வெத்தூரியா


துல்ச்சா, 9 ஜூன் 1996

அண்ணி,

உங்கள் கடிதம் வியோரிகாவின் கையில் கிடைத்துவிட்டது. நான் ஆற்றுப்பக்கம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அது சமையல் மேஜையில் விரித்துக் கிடந்தது, மேலே அவள் மூக்குக்கண்ணாடி. என் உடுப்புப் பெட்டியின் அடியிலிருந்து மற்றக் கடிதங்களையும் எடுத்து வரிசையாக அடுக்கியிருந்தாள். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவதை நிறுத்தவில்லை.

'அப்போ, பெட்டி இல்லன்னு ஆயிடுச்சு' என்றாள்.

ஆமாம் என்றேன். நான் கேட்கமாட்டேன் என்று உங்களுக்கு எழுதியிருந்தேன் அல்லவா? கேட்கவில்லை. அவளே சொன்னாள். 'எங்க ஃபாக்டரி ஆபீஸ்ல, ஆளுங்களப் பத்தி மேலிடத்துக்கு எழுதிப்போடுற அந்தம்மாகிட்டப் போனேன். எங்க வீட்டுக்காரர வியன்னா லிஸ்ட்டுலேர்ந்து எடுத்துடுங்கன்னு மட்டும்தான் கேட்டேன். ஏன்னு கேட்டாங்க. நீங்க சொன்னத அப்படியே சொல்லிட்டேன். வெளிநாடு போகவிட மாட்டாங்க, அவ்வளவுதான்னு நெனச்சேன். வேலையப் பறிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது.'

எனக்குக் கோபம் வந்தது. கத்தினேன். பதினான்கு வருடம் மீன் டப்பா ஃபாக்டரியில் ஒலிபெருக்கிக்கு வயர் முடிந்துகொண்டிருந்தேனே, அதை எல்லாம் சொல்லிக் கத்தினேன். ஒக்தாவின் பேர் கெட்டதைச் சொல்லியும் கத்தினேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, 'அவர் பேரச் சொல்லி நீங்க திட்டும்போதெல்லாம் நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அந்தப் பாவம் என்னோடது, அதுக்கு எந்த நியாயமும் சொல்லமாட்டேன். ஆனா ஒண்ணு மட்டும் கேக்கறேன். அன்னைக்கு நீங்க சொன்னதுல நான் எங்கயாவது இருந்தேனா?' என்றாள்.

யோசித்துப் பார்த்தேன் அண்ணி. ஒரு வாரமாக யோசிக்கிறேன். அவள் இல்லை. போய்ச் சேர்ந்த பிறகு அவளைக் கூப்பிட்டுக்கொள்வேன் என்றுகூட அப்போது நினைக்கவில்லை. பெண்டாட்டியிடம் அவளை விட்டுவிட்டு ஓடப்போவதைச் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டு சிரிப்பாள் என்று எதிர்பார்த்திருக்கிறேன்.

ஜூலை இருபதுக்கு வருகிறேன். நீங்கள் எதையும் வாசிக்க வேண்டாம். ஒக்தாவின் பெட்டியால் எதையும் கேட்க முடியாது, நான் சொன்னது பொய், அவன் உத்தமன் என்று எல்லோர் முன்னாலும் நான் சொல்வேன். பின்னே யார் என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். என் வீட்டுக்குள் நடந்ததை அவன் வீட்டு வாசலில் கொண்டுபோய்ப் போட்டேன் என்பேன். அதற்கு மேல் யார் கேட்டாலும் பதில் கிடையாது.

வியோரிகாவை வா என்று நான் கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நாங்கள் பேசிக்கொள்வது உப்பு, ரொட்டி அளவில்தான் இருக்கிறது. இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. நேற்றே தன் கறுப்பு உடுப்பை எடுத்து இஸ்திரி போட்டு, கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறாள்.

ரெமுஸ்